மிளகாய் இலை சுருண்டால் மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தொட்டி மிளகாயின் இலை கருகினால், பூச்சியைச் சந்தேகிப்பதற்கு முன் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் நடப்பது வேறு. இலை சுருண்டதும் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ போகிறவரிடம், "அண்ணே, மிளகா எல சுருட்டிக்குது, ஏதாச்சும் மருந்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். கடைக்காரர் செடியைப் பார்த்ததில்லை. வாங்கப் போனவர் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை. பெயர் தெரியாத ஒரு புட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறது. குழம்புக் கரண்டியாலோ மூடியாலோ அளந்து கலக்குகிறோம். செடி அப்போதும் பிழைப்பதில்லை. மீதி மருந்து அடுப்படி மாடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது.

நாலு மிளகாய்ச் செடி என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். மீன்பாடு இல்லாத நாளில் வாசலில் காய்க்கும் மிளகாய், அரைப்பதற்கும் தாளிப்பதற்கும் ஆகிற காசை மிச்சப்படுத்துகிறது. அந்த நாலு செடிக்காக வீட்டுக்குள் கொண்டுவரும் விஷமோ சின்னதல்ல. அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கும் வழியையும், மருந்து வாங்குகிறவருக்குச் சட்டம் தரும் உரிமையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உப்பு என்ற முதல் காரணம்

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு நுனி நம் பொன்னேரி வட்டத்தில். மழைக்காலத்தில் ஆரணியாறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது உப்பு குறைகிறது. கோடையில் ஏரி வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இன்னும் ஏறுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டில் இருக்கும் குப்பங்களில், கிணற்றிலும் கைப்பம்பிலும் வரும் தண்ணீர் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே மாறுகிறது. மார்கழியில் செடியை வாழவைத்த அதே கைப்பம்புத் தண்ணீர், வைகாசியில் அதைக் கருக்கிவிடலாம்.

மிளகாய் உப்பைத் தாங்கும் பயிர் அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளக்கிறார்கள். அலகு, மீட்டருக்கு டெசி சீமென்ஸ். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, மண்ணின் உப்பு 1.5 அலகைத் தாண்டியதும் குடைமிளகாய், மிளகாய் வகைகளின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் இழப்பு. பாசனத் தண்ணீரில் 1 அலகே எல்லை. கடல் நீர் 50 அலகுக்கு மேல் இருக்கும். அதில் சிறிதளவு கலந்தாலே என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை அளக்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. கேன் தண்ணீர் விற்கும் கடைகளில் பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பார்கள். ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய் அதில் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன 1 அலகு அந்த மீட்டரில் ஏறக்குறைய 640 என்று காட்டும். அதற்குள் இருந்தால் மிளகாய்க்கு ஊற்றலாம். ஆயிரத்தைத் தாண்டினால் மழைத்தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதே கடைகளில் சுத்திகரித்தது போக வெளியே விடும் கழிவு நீரை, வீணாகிறதே என்று செடிக்குப் பிடித்து வருபவர்கள் உண்டு. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. மிளகாய்க்கு அது ஆகாது.

உப்பு தாக்கிய இலை எப்படி இருக்கும்? கருகல் அடியிலிருக்கும் முதிர்ந்த இலையில் தொடங்கும். நுனியும் ஓரமும் பழுப்பேறிக் காகிதம்போல் காய்ந்திருக்கும். நடுவில் பச்சை அப்படியே நிற்கும். விரலால் தொட்டால் ஓரம் நொறுங்கும். தொட்டியின் மேல்மண்ணிலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். மண் ஈரமாக இருந்தும் உச்சி வெயிலில் செடி தலை சாய்க்கும். மண்ணில் உப்பு கூடியதால் வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை என்று அதற்குப் பொருள். இதைத் தாகம் என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

வேர் வழியாக வரும் உப்பு ஒன்று, காற்றில் வருவது இன்னொன்று. கொண்டல் காற்று பலமாக வீசிய மறுநாள் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் புள்ளி புள்ளியாகவும் ஓரமாகவும் கருகி, வீட்டுச் சுவரைப் பார்த்த பக்கம் பச்சையாக இருந்தால் அது உப்புக்காற்றின் வேலை. பூச்சியோ பூசணமோ இப்படித் திசை பார்த்துத் தாக்காது. தொட்டியை வீட்டுக்கு மேற்குப் பக்கம் மாற்றி வைத்து, காற்றடித்த நாளில் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டால் போதும்.

நமக்குத் தெரியாமல் உப்பு வந்து சேரும் வழிகளும் உண்டு. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியைத் தொட்டியாக்கினால், இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்ட பிறகே மண் நிரப்ப வேண்டும். கரை மணலைக் கலக்கவே கூடாது. கடையில் வாங்கும் தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு அதிகமாக இருக்கக்கூடும். ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்துக் கழுவ வேண்டும். கருவாடு கழுவிய தண்ணீர் செடிக்கு உரம் என்ற நம்பிக்கையைக் கைவிட்டுவிடுங்கள். உப்புக்கரைசலைத்தான் அது செடிக்குத் தருகிறது.

மீன் கழிவையே உரமாக்க ஆசைப்பட்டால் மீன் அமிலம் செய்யலாம். உப்புப் படாத பச்சை மீனின் குடல், செவுள், செதில். அதே எடைக்கு வெல்லம். பிளாஸ்டிக் வாளியில் மூடி மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்தால், தேன் பதத்தில் நீர் இறங்கும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேரில் ஊற்றலாம். கழிவை ஏரித் தண்ணீரில் அலசியிருந்தால் இதற்கு ஆகாது.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டிக்கு ஒரே மருத்துவம், அலசி வெளியேற்றுவது. தொட்டி எவ்வளவு தண்ணீர் பிடிக்குமோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை, ஒரே மூச்சில் கொட்டாமல் மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியே வடியவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்தால் இந்த வேலையை மழையே செய்துவிடும். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதற்குப் பிறகு துளிர்க்கும் இலை நன்றாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் கோடைக்கு உதவும். டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்குக் கொசு வந்துவிடும்.

உப்பைப்போலவே இந்தக் கரைக்கு உரிய இன்னொரு சிக்கல் கிளிஞ்சல். மண்ணில் கிளிஞ்சல் துண்டுகள் நிறைந்திருந்தால் அது சுண்ணாம்பு மண்தான். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அடையாளம் தெளிவானது: புதிதாக வரும் நுனி இலை வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். இதே மஞ்சள் அடி இலையில் தொடங்கி மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய எரு போட்டால் சரியாகும். நுனியில் தொடங்கினால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். நிரந்தரத் தீர்வு, தொட்டி மண்ணை மாற்றுவது.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

தண்ணீரும் மண்ணும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகே பூச்சியைத் தேட வேண்டும். காலை வெளிச்சத்தில் நுனி இலையைத் திருப்பிப் பிடித்து, கைப்பேசிக் கேமராவை நெருக்கமாக வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து, கொழுந்தை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் மஞ்சளாக, நூல் துண்டு அளவில் ஏதாவது ஊர்ந்தால் அது இலைப்பேன்.

இலைச்சுருட்டில் இரண்டு வகையைப் பிரித்தறிவதுதான் முக்கியம், ஏனென்றால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடங்கி, கரையில் நிறுத்திய படகுபோல் இருந்தால் இலைப்பேன். அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் மினுங்கும், பிறகு பழுப்பேறும். வெயில் காலத்தில், மழை இல்லாத நாட்களில் இது பெருகும். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்துவைத்த படகுபோல் இருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இலை தடித்து, தொட்டால் ஒடியும் பதத்தில், காம்பு மட்டும் நீண்டு, கரும்பச்சையாக இருக்கும். சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 'பூச்சியே இல்ல, ஆனா சுருட்டுது' என்று பலரும் குழம்புகிறார்கள். சிலந்தி பூச்சியினம் அல்ல. பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று அதன் எண்ணிக்கையைக் கூட்டியும் விடுகின்றன. தெளித்த பிறகு சுருட்டை அதிகமாகிவிட்டது என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மிளகாய்க்கு இன்னொரு எதிரியும் வந்து சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த கரும் இலைப்பேன் 2021-22 பருவத்தில் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடியது. இது இலையைவிடப் பூவில் அதிகம் கூடும். பூவைப் பறித்து உள்ளங்கையில் உதறினால் கறுப்பாக ஊரும். அந்த ஆண்டு அங்கே அளவுக்கு மிஞ்சி மருந்தடித்தும் பலர் பயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

கொழுந்தின் அடியில் பச்சையாகவோ கறுப்பாகவோ மொய்த்து, இலையில் பிசுபிசுப்பும் எறும்பு வரிசையும் இருந்தால் அசுவினி. செடியைத் தட்டினால் வெள்ளையாகப் பறந்து மறுபடி உட்கார்ந்தால் வெள்ளை ஈ. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டிவிடலாம். வெள்ளை ஈயை அப்படி விடக்கூடாது. அது இலைச்சுருட்டை வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். வைரஸ் பிடித்த செடியில் இலைகள் மிகச் சிறுத்து, கசங்கி, மஞ்சள் கலந்து, நரம்பு தடித்து, செடி மொத்தமும் குட்டையாகி, கொத்துக் கொத்தாக நிற்கும். பூ வராது, வந்தாலும் உதிரும்.

வைரஸ் பிடித்த செடியைக் குணப்படுத்த உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. பிடுங்கி எரித்துவிட்டுப் புதுக்கன்று நடுவதுதான் வழி. பார்த்துப் பார்த்து வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வராது என்பது உண்மைதான், ஆனால் விட்டுவைத்தால் பக்கத்துத் தொட்டிகளும் போய்விடும். 'வைரஸை விரட்டும் டானிக்' என்று யாராவது விற்றால் அது ஏமாற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மொழியில் அது நேர்மையற்ற வணிக நடவடிக்கை, புகார் செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. இலை நாடாபோல் ஒடுங்கி, நீண்டு, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால், களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். நெல் வயலில் களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி அதில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தால் இப்படி நேரும். தொட்டிச் செடிக்கு ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் தனியாக இருக்கட்டும்.

இலைப்பேன், சிலந்தி, வெள்ளை ஈ மூன்றுக்கும் தொட்டி அளவில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. மோசமாகச் சுருண்ட கொழுந்தைக் கிள்ளி, பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலக்கும் அளவுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தணிந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, எண்ணெயும் கலக்காது. இங்கே பலருக்கு வேப்பெண்ணெய் வேலை செய்யாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, இலைப்பேனுக்கு நீலம். சிலந்திக்கு நனையும் கந்தகம் கேட்கும், ஆனால் வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை வெந்துவிடும். கடும் வெயிலிலும் கூடாது. கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயை மிளகாய்க்கு அடிப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது தின்கிற பொருளுக்காகத் தயாரித்தது அல்ல.

கடை வாசலில் உங்கள் உரிமை

இவ்வளவும் செய்தும் மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால், வெறுங்கையோடு, கேட்கத் தெரியாமல் போகாதீர்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது. அது வந்த கதையில் நம் மாநிலத்துக்கும் பங்குண்டு. 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உணவுப் பொருளைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அமைந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே இந்தச் சட்டமும் 1971இன் விதிகளும் வந்தன. அத்தனை உயிர் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு என்பதால் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த விதிகள்படி உரிமம் இல்லாமல் பூச்சிக்கொல்லி விற்கக் கூடாது. எவ்வளவு சின்னப் புட்டி வாங்கினாலும் பில் தர வேண்டும். புட்டியில் மருந்தின் பெயர், பதிவெண், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே ஒரு விளக்கத் தாள் இருக்க வேண்டும். அது இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி. அதாவது தமிழில் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன மாற்று மருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் மிளகாய் என்ற பெயர் இல்லை என்றால் அந்தப் புட்டி உங்களுக்கானது அல்ல.

பெரிய டப்பாவிலிருந்து குளிர்பானப் புட்டியில் ஊற்றித் தருவது சட்டப்படி குற்றம். 'நாலு செடிக்கு எதுக்குக்கா ஒரு டப்பா, இதுல கொஞ்சம் ஊத்தித் தர்றேன்' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். வாங்காதீர்கள். லேபிள் இல்லாத விஷத்தைக் குடித்துவிட்ட பிள்ளைக்கு எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும்.

புட்டியின் மேல் சாய்சதுரமாக ஒரு நிறக்கட்டம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலுக்கு வேண்டவே வேண்டாம். பழைய வழக்கத்தில் பெயர் சொல்லிக் கேட்பதும் ஆபத்து. மிளகாய்ச் சிலந்திக்குப் பல காலம் பயன்பட்ட டைக்கோபாலை மத்திய அரசு 2023இல் தடை செய்துவிட்டது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005இலேயே தடை வந்தது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நிறுத்தியது. இவற்றில் எதையாவது யாராவது எடுத்து நீட்டினால் அது குற்றம்.

மீனவர்களாகிய நமக்கு இந்த நிறக்கட்டம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு விஷம் என்பதை வைத்துத் தீர்மானித்தது. மீனுக்கும் இறாலுக்கும் அல்ல. பூச்சியும் இறாலும் நண்டும் ஒரே கணுக்காலி இனம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் ஒரு லிட்டர் தண்ணீரில் மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மீனுக்கும் இறாலுக்கும் எமன். தெளிப்பானை ஏரியில் அலசுவது, மீதியை வாய்க்காலில் ஊற்றுவது, காலிப் புட்டியைக் கரையில் எறிவது எல்லாம் நம் தொழிலில் நாமே கை வைப்பது. இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிற ஏரி இது. பகல் முழுக்க அவர்கள் தோல் அந்தத் தண்ணீரில் ஊறுகிறது. பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யும் அவர்கள் வாய்க்கும் அது எட்டுகிறது. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை அதே செடித் தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். காலிப் புட்டியைத் துளையிட்டு, எதற்கும் பயன்படாதபடி செய்துவிட வேண்டும்.

விஷம் உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அது மூச்சுக்குழாயில் ஏறிக் கொல்லும். 108ஐ அழையுங்கள். அந்தப் புட்டியையும் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். வியர்த்துக் கொட்டுவது, வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சு முட்டுவது எல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விஷத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டுகிறது.

யாரிடம் போவது

'நம்ம மீன்புடிக்கிறவங்க, வெவசாய ஆபீஸ்ல நம்மள மதிப்பாங்களா' என்ற தயக்கத்தைக் குப்பங்களில் அடிக்கடி கேட்கலாம். பட்டா கேட்காத உதவிகள் இருக்கின்றன. 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையம் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசுகிறது, கட்டணம் இல்லை. நிலம் எவ்வளவு என்ற கேள்விக்கு 'தொட்டிச் செடி' என்று பதில் சொல்லலாம், தவறே இல்லை. பழவேற்காட்டுக்கு மீஞ்சூர் ஒன்றியத்தின் வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்கள் பொறுப்பு. திருவள்ளூர் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கம் அது. குப்பத்து மகளிர் குழு ஒன்று சேர்ந்து கேட்டால் தண்ணீர்ப் பரிசோதனைக்கும் செயல்விளக்கத்துக்கும் வழி பிறக்கும். தனி ஆளாகப் போவதைவிட இது எளிது.

காலாவதியான மருந்து, பதிவெண் இல்லாத புட்டி, பில் தர மறுப்பு ஆகியவற்றை வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கடையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

நட்டஈடு கேட்க வேண்டுமென்றால் 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். எச்சரிக்கை எழுதாத பொருளால் உடம்புக்குக் கேடு வந்தால் தயாரிப்பாளரும் விற்றவரும் பொறுப்பேற்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

விதைக்கும் இது பொருந்தும். விதை வாங்குகிறவரும் நுகர்வோரே என்று 2012இல் தேசிய விதைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கென்று விதையில் ஒரு பங்கை எடுத்துவைக்கவில்லையே என்று விவசாயியைக் குறைசொல்ல முடியாது என்றும் அதில் சொன்னது. சான்று பெற்ற மிளகாய் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 60 சதவீதம். பொட்டலத்தையும் பில்லையும் காய் பறிக்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

அலுவலகத்துக்கு இலை கொண்டு போவதிலும் முறை உண்டு. ஒரே ஒரு கருகிய இலையை எடுத்துப் போனால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. நோய் பிடித்த கொழுந்து ஒன்று, பாதி கெட்ட இலை ஒன்று, நல்ல இலை ஒன்று என மூன்றையும் காலையில் பறித்துச் செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். செடி முழுவதும் தெரிய ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், தொட்டி மண்ணின் மேற்பரப்பு ஒரு படம் கைப்பேசியில் இருக்கட்டும். ஊற்றும் தண்ணீரில் அரை லிட்டர், நன்றாகக் கழுவிய புட்டியில். இதுவரை என்னென்ன தெளித்தீர்கள், எந்த நாளில் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதோடு மருந்தின் பில்லையும் சேர்த்து மடித்து வையுங்கள்.